தராசுத் தட்டின் அடியில் ஓர் உருண்டைக் களிமண்

கேள்வி: குலசேகரம் பக்கத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு. கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். மகனுக்குப் பதினொரு வயது, மகளுக்கு எட்டு. இரண்டு வருடமாக இருவரையும் வீட்டிலேயே படிக்க வைக்கிறேன். பாடங்கள் ஒழுங்காக நடக்கின்றன. நற்குணங்களையும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று, கையால் ஒரு பொருள் செய்வதோடு சேர்த்து மாதம் ஒரு குணம் என்று திட்டம் போட்டேன். ஜூனில் பொறுமை, குருவிக் கூடு. ஜூலையில் உண்மை, தராசு. ஆகஸ்டில் பொறுப்பு, முயல் கூண்டு. சுவரில் அட்டை மாட்டி நட்சத்திரம் ஒட்டுகிறேன். மகன் குருவிக் கூட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சுத்தியலைத் தூக்கி எறிந்தான். அப்பாவிடம் வீடியோவில் காட்ட வேண்டுமே என்று மீதியை இரவில் நானே முடித்துவிட்டேன். மகள் சிரட்டையில் செய்த தராசு ஒரு பக்கம் சாய்ந்தது. மற்றத் தட்டின் அடியில் களிமண் உருண்டையை ஒட்டிவிட்டு “முடிந்துவிட்டது” என்றாள். உண்மைக்கான மாதத்திலேயே ஏமாற்றுகிறாளே என்று இரண்டு நட்சத்திரங்களை எடுத்துவிட்டேன். முயல் கூண்டு தொடங்கவே இல்லை. “ஆசாரி வேலை படிக்கவா பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினாய்?” என்று மாமியார் கேட்கிறார். எந்தக் குணத்துக்கு எந்தப் பொருள் என்று ஒரு பட்டியல் தர முடியுமா? குணம் வளர்ந்திருக்கிறதா என்று எப்படி அளப்பது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

பட்டியல் தரப் போவதில்லை. கோபப்படாமல் மேலே படியுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை சுத்தியல்தான் கண்ணில் பட்டது. இரண்டாம் முறை மாமியார். மூன்றாம் முறைதான் அந்தக் களிமண் உருண்டையைக் கவனித்தேன். நீங்கள் இரண்டு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தராசு ஏன் சாய்ந்தது என்று மகளிடம் கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. கையால் செய்த தராசு சாய்வதற்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணம். ஒன்று, தட்டுகள் ஒரே எடையில் இல்லை. சிரட்டை என்றால் அப்படித்தான் இருக்கும். ஒரே தேங்காயை உடைத்தாலும் கண் இருக்கும் பாதியும் மற்றப் பாதியும் ஒரே எடையாக இருப்பதில்லை. இதுதான் காரணம் என்றால், எடை குறைந்த தட்டின் அடியில் களிமண் ஒட்டியது ஏமாற்று வேலை இல்லை. தராசு செய்யத் தெரிந்த எவரும் அதைத்தான் செய்வார். வெறும் தட்டுகள் நேராக நின்ற பிறகுதானே எடைபோடத் தொடங்க முடியும்? எட்டு வயதுப் பிள்ளை யாரும் சொல்லிக்கொடுக்காமல் அதைக் கண்டுபிடித்திருக்கிறாள். அதற்கு இரண்டு நட்சத்திரம் போயிற்று.

இரண்டாவது காரணம் கொஞ்சம் பொல்லாதது. கோலைத் தொங்கவிடும் துளை நடுவில் விழவில்லை. ஒரு கை 20 சென்டிமீட்டர், மற்றது 19 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் களிமண் ஒட்டினால் வெறும் தராசு நேராகத்தான் நிற்கும். பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் நீளமான கைப்பக்கம் சரக்கை வைத்து, மறுபக்கம் 100 கிராம் கல்லைப் போட்டால், 95 கிராம் சரக்கிலேயே கோல் நேராகிவிடும். பக்கத்தை மாற்றினால் 105 கிராமுக்கு மேல் போட்டால்தான் நேராகும். இங்கே களிமண் குறையைத் தீர்க்கவில்லை, மறைக்கிறது.

இந்த இரண்டில் எது என்று கண்டுபிடிக்க நீங்கள் வேண்டாம், நானும் வேண்டாம். ஒரு தட்டில் கல்லை வைத்து, மறுதட்டில் கோல் நேராகும் வரை மணலைப் போடச் சொல்லுங்கள். பிறகு கல்லையும் மணலையும் இடம் மாற்றச் சொல்லுங்கள். அப்போதும் நேராக நின்றால் கைகள் சமம், களிமண் நியாயமானது. சாய்ந்தால் துளை தள்ளி விழுந்திருக்கிறது, புதிதாகப் போட வேண்டும். ஐந்து நிமிட வேலை. தராசே தன் குற்றத்தைச் சொல்லிவிடும். (இதற்குப் பிறகு சந்தையில் நீங்கள் மரச்சீனிக் கிழங்கு வாங்கும்போது, “மாமா, பக்கத்தை மாற்றி வைத்துக் காட்டுங்கள்” என்று அவள் கேட்கக்கூடும். அந்தச் சங்கடத்துக்குத் தயாராக இருங்கள்.)

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் வடிவமைத்த கருவிகளின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. உருளைக் கட்டையைத் தவறான குழியில் வைத்தால் அது பொருந்தாது. ‘தப்பு’ என்று ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை, கட்டையே சொல்லிவிடும். கட்டை திட்டாது, முகம் சுளிக்காது, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாது. அதனால் பிள்ளைக்குத் தன் தப்பை ஒப்புக்கொள்வதில் மானக்கேடு எதுவும் இல்லை. கையால் செய்யும் வேலைக்கும் குணத்துக்கும் உள்ள தொடர்பு இவ்வளவுதான் என்பது என் அனுபவம். பொருள் திருத்துகிறது, பெரியவர்கள் நடுவே போய் நிற்காமல் இருக்க வேண்டும். நீங்கள் மூன்று இடங்களில் நடுவே போய் நின்றிருக்கிறீர்கள். மாதத்துக்கு ஒரு பெயர் வைத்தீர்கள், நட்சத்திரம் ஒட்டினீர்கள், இரவில் ஆணி அடித்தீர்கள்.

பெயர் வைப்பதில் என்ன தவறு என்று கேட்பீர்கள். ‘இது பொறுமை மாதம்’ என்று சொல்லிவிட்டு ரம்பத்தைக் கையில் கொடுத்தால், பிள்ளை அறுப்பதைக் கவனிக்குமா, தன்னைப் பொறுமைசாலி என்று அம்மா நினைக்கிறாளா என்று கவனிக்குமா? பலகை பிளந்தால் போனது ஒரு பலகை. பொறுமை மாதத்தில் பலகை பிளந்தால் அவன் குணமே பிளந்த மாதிரி. சுத்தியல் பறந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நட்சத்திரத்தைப் பற்றி ஒரு பழைய சோதனை உண்டு. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் நடந்தது, முடிவு 1973இல் வெளிவந்தது. வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், ‘வரைந்தால் பரிசுப் பத்திரம் தருவோம்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். சொன்னபடி கொடுத்தும் விட்டார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் தாமாக வரைய உட்கார்ந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். ஆசையாகச் செய்துகொண்டிருந்தது கூலிக்குச் செய்யும் வேலையாகிவிட்டது. அட்டையைக் கழற்றிவிடுங்கள். சடங்கு ஒன்றும் வேண்டாம். பிள்ளைகள் கேட்டால், “எனக்கே அலுத்துவிட்டது” என்று சொல்லுங்கள். பொய்யில்லாமலும் இருக்கும்.

இனி அந்த இரவு வேலை. இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது, ஏனென்றால் இதே குற்றத்தை நானும் செய்திருக்கிறேன். என் மகன் ஏழாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு முக்காலி செய்தான். கால்கள் ஆடின. முந்தின நாள் இரவு அதைத் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோய், “சும்மா இறுக்கிக் கொடுங்கள் அண்ணே” என்றேன். அவர் நல்ல மனிதர், இறுக்குவதற்குப் பதிலாகப் புதிதாகவே ஒன்று செய்து கொடுத்துவிட்டார். முதல் பரிசு கிடைத்தது. சான்றிதழுக்குச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினேன். ஒரு வாரத்தில் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. ஆறேழு வருடம் கழித்து வெள்ளையடிக்கப் பரணை ஒதுக்கும்போது, பழைய போர்வைக்குள் சுருட்டிய நிலையில் அந்தச் சட்டம் கிடைத்தது. இதெல்லாம் நடந்த காலத்தில் நான் ஆசிரியர் பயிற்சி நிலையத்தில் குழந்தை உளவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூலை மாதத்தை உண்மைக்கு ஒதுக்கினீர்கள். உண்மையைப் பற்றிய பாடம் ஜூனிலேயே முடிந்துவிட்டது. உங்கள் மகன் தான் செய்யாத கூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு குவைத்தில் இருக்கும் அப்பாவிடம் காட்டினான், அவரும் பாராட்டியிருப்பார். அந்த ஐந்து நிமிடத்தில் அவன் கற்றுக்கொண்டதை எந்த அட்டையாலும் அழிக்க முடியாது. இதற்கு என்ன செய்யலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சுத்தியலை எறிந்ததற்கு வருகிறேன். பொறுமை இல்லாத பிள்ளை என்று முடிவுகட்டும் முன் அவன் கருவிகளை எடுத்துப் பாருங்கள். பெட்டியாக வாங்கும் பொம்மைக் கருவிகளா? அவற்றில் வரும் ரம்பம் வெண்ணெயைக்கூட ஒழுங்காக அறுக்காது. பல் மழுங்கிய ரம்பத்தோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினால் நானும் எறிவேன், நீங்களும் எறிவீர்கள். நான் பார்த்தவரை, ‘இவனுக்குப் பொறுமையே இல்லை’ என்று என்னிடம் கூட்டிவந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தேவைப்பட்டது நல்ல ரம்பம்தான். பிள்ளையின் கைக்கு அடங்கும் அளவில், ஆனால் உண்மையான கருவி வேண்டும். சிறிய ரம்பம் ஒன்று (நம் ஊர் ஆசாரிமார் வாள் என்பார்கள்), இருநூறு, முந்நூறு கிராம் தலையுள்ள சுத்தியல், மூலைமட்டம், கையால் சுற்றும் துளைக்கருவி, பலகையை மேசையோடு இறுக்கிப் பிடிக்க இரண்டு கிளாம்ப். ரம்பத்துக்கு அரம் பிடித்துக் கூராக்க ஆசாரி ஒருவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது மகனையும் கூட்டிப்போங்கள். மேசை அவன் இடுப்பளவுக்கு இருக்கட்டும். சாப்பாட்டு மேசையில் வைத்து அறுத்தால் தோள் உயரும், ரம்பம் கோணும், கோடு தவறும், பழி அவன் குணத்தின் மேல் விழும்.

மரத்தையும் பாருங்கள். உங்கள் ஊரில் எளிதாகக் கிடைப்பது ரப்பர் மரத் துண்டு. பதப்படுத்தாத ரப்பர் மரம் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைத்து உளுத்துப்போகும். பழகுவதற்கு அறுத்துப் பார்க்கலாம், நிலைத்து நிற்க வேண்டிய பொருளுக்கு ஆகாது. பழைய கதவு, கட்டில் பிரித்த பலா, அயனிப் பலகை கிடைத்தால் விடாதீர்கள். ஆனி, ஆடிச் சாரலில் மரம் உப்பும், சித்திரையில் சுருங்கும். ஆடியில் இறுக்கமாகப் பொருத்திய மூடி சித்திரையில் ஆடும். இதையெல்லாம் பிள்ளை வசவு வாங்காமல் தெரிந்துகொள்ளட்டும்.

இத்தனைக்குப் பிறகும் எறிந்தால்? அன்றைக்குக் கருவிகள் பெட்டிக்குள் போய்விடும். அவ்வளவுதான். “எத்தனை தடவை சொன்னேன்” என்று தொடங்கும் பிரசங்கம் வேண்டாம். எறிந்த சுத்தியல் தங்கையின் காலில் விழக்கூடியது என்பதால் மட்டுமே இந்த விதி. மறுநாள் காலை பெட்டி திறந்திருக்கட்டும். இரண்டு நாள், ஒரு வாரம் அவன் தொடாவிட்டாலும் விடுங்கள்.

ஒரு குணத்துக்கு ஒரு பொருள் என்ற கணக்கை நான் நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. ஐரோப்பாவின் வடக்கில் கைவேலையை வெகு காலத்துக்கு முன்பே பள்ளிக்குள் கொண்டுவந்தார்கள். பின்லாந்தில் 1866இல் அதைக் கட்டாயப் பாடமாக்கினார்கள். அதைத் தொடர்ந்து சுவீடனில் ஓட்டோ சாலமன் என்பவர் நாஸ் என்ற இடத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நிலையம் நடத்தினார். ‘ஸ்லாய்டு’ என்று அதற்குப் பெயர். உழைப்பில் விருப்பம், ஒழுங்கு, நுட்பம், தன் கையை நம்புவது ஆகியவைதான் அவருடைய நோக்கங்களும். ஆனால் எந்தப் பொருளின் மேலும் அவர் குணத்தின் பெயரை எழுதவில்லை. கத்தியால் ஒரு குச்சியைச் சீவுவதில் தொடங்கி, எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் வரிசை. செய்வது வீட்டுக்குப் பயன்பட வேண்டும், அலங்காரத்துக்கு இருக்கக் கூடாது. தொடக்கம் முதல் முடிவு வரை பிள்ளையே தனியாகச் செய்ய வேண்டும். இந்த மூன்றையும் நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உங்கள் திட்டத்தில் முதல் பொருளே கூரை வைத்த கூடு, அதாவது சாய்வெட்டு. கத்தி பிடிக்கத் தெரியாத பையனுக்கு அது பெரிய தாவல். அதோடு, கூடு யாருக்கு வேண்டும்? சிட்டுக்குருவிக்கு மனிதர் நடமாடும் வீட்டின் இறவாரம்தான் பிடிக்கும். தோட்டத்து மரத்தில் மாட்டியிருந்தால் அது பெரும்பாலும் காலியாகவே தொங்கும்.

சமையலறையில் உங்களுக்கு என்ன குறைகிறது என்று பிள்ளைகளை ஒரு நாள் கவனிக்கச் சொல்லுங்கள். கரண்டி மாட்ட ஒரு பலகை, வெந்நீர்ப் பானை வைக்க ஒரு சதுரம், மாமியார் திண்ணையில் கால் வைத்துக்கொள்ள ஒரு மணை. அதில் தொடங்குங்கள். கோணலாக இருந்தாலும் தினமும் பயன்படுத்துங்கள். ஆடும் மணையில் பாட்டி கால் வைக்கும்போதெல்லாம் அது ‘டொக்’ என்று சத்தம் போடும். ஒரு நாள் அவனே எடுத்துப் போய்ச் சரிசெய்வான். செய்யாவிட்டால் டொக், டொக் என்றே இருக்கட்டும்.

மாமியார் பேச்சுக்கு வருவோம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1953இல் அன்றைய சென்னை மாநிலத்தில் ராஜாஜி அரசு, பாதி நாள் பள்ளி, பாதி நாள் பெற்றோர் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கி, பெரும் எதிர்ப்புக்குப் பிறகு 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. நம் குமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தது. தமிழகத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1இல்தான். ஆனாலும் அந்த அச்சம் எல்லைக்கு இந்தப் பக்கமும் தெரிந்ததுதான். எழுத்துக் கிடைத்தால்தான் விடுதலை என்று போராடிப் பள்ளி வாசலை மிதித்த தலைமுறையின் மகள் அவர். பிள்ளை கையில் உளியைப் பார்த்தால் பதறத்தான் செய்வார். பிறப்பைக் காட்டி ஒரு பிள்ளைக்கு ஒரு தொழிலை விதிப்பது வேறு, எல்லாப் பிள்ளையும் எல்லாக் கருவியும் பழகுவது வேறு என்று அவரிடம் பொறுமையாகச் சொல்லலாம். கணக்கு நோட்டையும் காட்டுங்கள். பலகையின் நீளம், அகலம், விலை, வீணான துண்டின் விழுக்காடு எல்லாம் அதில் இருக்கட்டும். 14 வயதில் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத முடியும் என்பதையும் சொல்லி வையுங்கள். பாதிக் கவலை அதைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

ஆனால் ‘ஆசாரி வேலை’ என்று அவர் சொன்னதில் ஒரு தொனி இருக்கிறதே, அதைப் பிள்ளைகள் காதில் வாங்கியிருப்பார்கள். அதற்குச் சொல்லால் பதில் வேண்டாம். பாட்டியையும் கூட்டிக்கொண்டு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள். திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போகலாம். பூமுக மண்டபத்தின் மரக்கூரையில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்று போல் ஒன்று இராது. பிள்ளைகளை அண்ணாந்து பார்த்து, ஒன்று போல் இரண்டு இருந்தால் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உள்ளே ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூண் ஒன்றும் இருக்கிறது. அரசர்களின் பெயரை வழிகாட்டி சொல்வார். தூணைச் செதுக்கியவர் பெயரை உங்கள் மகள் கேட்கட்டும். வரும் வழியில் கருவி தீட்டிக் கொடுத்த ஆசாரியைப் பார்த்தால், பிள்ளைகள் அவரை எப்படி அழைக்கிறார்கள் என்று கவனியுங்கள். நீங்கள் எப்படி அழைக்கிறீர்களோ அப்படித்தான் அழைப்பார்கள்.

குணத்தை எப்படி அளப்பது என்று கேட்டீர்கள். அளக்க முயன்றவர்கள் இருக்கிறார்கள். 1920களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரு ஆய்வாளர்கள் சுமார் 11,000 பிள்ளைகளுக்குத் தேர்விலும் விளையாட்டிலும் பணவிஷயத்திலும் ஏமாற்ற வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். 1928இல் முடிவு வெளிவந்தது. வகுப்பில் நேர்மையாக இருந்த பிள்ளை விளையாட்டிலும் நேர்மையாக இருக்கும் என்று சொல்ல முடியவில்லை. நேர்மை என்பது பிள்ளைக்குள் ஒரே அளவில் ஊற்றி வைத்த எண்ணெய் மாதிரி இல்லை. இடத்துக்கு இடம் ஏறி இறங்குகிறது. அதனால் தராசில் நேர்மையைப் பழகிய மகள் மிட்டாய் டப்பாவிடமும் நேர்மையாக இருப்பாள் என்று உறுதி கொடுக்க என்னால் முடியாது. கைவேலை குணத்தை வார்த்துத் தந்துவிடும் என்று யாராவது உறுதி சொன்னால் அவரிடம் பணம் கட்டாதீர்கள்.

ஒன்றை மட்டும் கவனிக்கலாம். தப்பு நடந்ததற்கும் அது உங்கள் காதுக்கு வந்ததற்கும் இடையில் எவ்வளவு நேரம் ஆகிறது? இன்றைக்கு ஒரு வாரம் ஆகலாம், அல்லது வராமலே போகலாம். ஆறு மாதத்தில், “அம்மா, பலகை கோணலாகப் போய்விட்டது” என்று ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே வந்து சொன்னால், ஏதோ சரியாக நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எங்கேயும் எழுதி ஒட்டாதீர்கள். அந்த நேரம் குறைவதற்கு ஒரு சின்ன வழி சொல்கிறேன். வேலை செய்யும் இடத்தில் ஒரு கயிறு கட்டி, வீணான துண்டுகளை அதில் தொங்கவிடுங்கள். முதலில் தொங்குவது நீங்கள் அறுத்துக் கெடுத்த துண்டாக இருக்கட்டும். கெடுக்கத் தனியாக முயற்சி எடுக்க வேண்டியதில்லை, அறுக்கத் தொடங்கினாலே போதும்.

கணவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். வீடியோவில் “சபாஷ்” என்பதற்குப் பதிலாக, “மக்களே, எங்கே சிக்கியது, காட்டு” என்று கேட்கட்டும். முடியாத பொருளைக் காட்டினாலும் அப்பா முகம் மாறாது என்று தெரிந்தால் அம்மா இரவில் விழித்திருக்க வேண்டியதில்லை.

முயல் கூண்டை விட்டுவிடுங்கள். இந்த வருடத்துக்கு ஒரே ஒரு பெரிய வேலை போதும். ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருக்கிறீர்கள், தேனீப் பெட்டி செய்யுங்கள். நம் பக்கத்தில் பெட்டியில் தேனீ வளர்ப்பது 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மறுசீரமைப்பு மையத்தைத் தொடங்கிய ஸ்பென்சர் ஹாட்ச் காலத்திலிருந்து பரவிய தொழில். உங்கள் அக்கம்பக்கத்தில் தேனீ வளர்ப்பவர் ஒருவராவது இருப்பார். அவரிடம் காலிப் பெட்டி ஒன்றை இரவல் வாங்கி, மகனை அளவெடுக்கச் சொல்லுங்கள். அடிப்பலகை, புழு அறை, தேன் அறை, மூடி ஆகியவை அவனுக்கு. தேனீ அடை கட்டுவதற்காக உள்ளே நிற்கும் ஏழெட்டுச் சட்டங்கள் மகளுக்கு. எல்லாம் ஒரே அளவு வேண்டும், ஒன்று பிசகினாலும் மற்றவற்றோடு சேர்ந்து நிற்காது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, அதற்காகவே சொல்கிறேன். சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே தேனீ நடந்து போகும் அளவுக்கு, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளி விட வேண்டும். அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத் 1851இல் இதைக் கவனித்து, கழற்றி மாட்டும் சட்டங்களோடு பெட்டியை அமைத்தார். இடைவெளி அதிகமானால் தேனீ அங்கேயும் அடை கட்டி, சட்டத்தை வெளியே எடுக்க முடியாதபடி ஒட்டிவிடும். குறைந்தால் உள்ளே நடமாட முடியாது. இந்தியத் தேனீக்கு இடம் பிடிக்காவிட்டால் கூட்டத்தோடு கிளம்பிப் போய்விடும். களிமண் உருண்டையும் இரவு ஆணியும் அதனிடம் செல்லாது.

ரப்பர் இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும் தை, மாசியில் இலைக்காம்பில் தேன் சுரக்கும். பூவில் இல்லை, காம்பில். பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், லென்ஸ் வைத்துக் காட்டுங்கள். அதற்கு முன் பெட்டி தயாரானால் போதும், அவசரமே இல்லை. கூட்டத்தைக் குடியேற்றுவதும் பெட்டியைத் திறப்பதும் அந்தத் தேனீக்காரர் கையால் நடக்கட்டும். கொட்டினால் உடம்பு முழுக்கத் தடித்து மூச்சு வாங்கும் ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று மருத்துவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். உண்டு என்றால் இந்த வேலை வேண்டாம், கோழிக்கூடு கட்டுங்கள். மின்ரம்பம் இருக்கும் பட்டறைக்குள் பிள்ளைகள் நிற்கவே கூடாது; தடித்த பலகையை அறுத்தே வாங்கிவிடுங்கள். பெட்டி நிற்கும் தாங்கியின் நான்கு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு ஏறும். தினமும் நிரப்புவது யார் என்பதைப் பிள்ளைகளே பேசி முடிவு செய்யட்டும். மறந்த நாளில் நீங்கள் நிரப்பிவிடாதீர்கள்.

இதையெல்லாம் தொடங்கும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்தக் குருவிக் கூட்டைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து மகன் முன்னால் வையுங்கள். எந்தெந்த ஆணி நீங்கள் அடித்தது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். “உன்னிடம் கேட்காமல் செய்துவிட்டேன், அப்பாவிடமும் சொல்லவில்லை” என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் சொல்லி நீட்ட வேண்டாம். எந்த ஆணி என்று அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஆணி பிடுங்கும் கொறடு ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள்.